நாற்பத்தாறாவது எலும்பு

நீங்கள் செய்யாத தவற்றை நீங்கள்தான் செய்தீர்கள் என்று தட்டச்சு செய்து, அடியில் உங்கள் பெயரையும் அடித்து, பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி ஒருவர் உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? கிழித்தெறிவேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கொடுப்பவர் உங்கள் மேலதிகாரி. அறையில் ஏசி ஓடுகிறது. அவர் சிரித்த முகத்தோடு இருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் தேதியை எந்த மூலையில் போடுவது என்றுதான் கேட்போம். அப்படிக் கேட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்காத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவரை எல்லோரும் ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துப்புரவுப் பணியாளர். வயது ஐம்பத்தேழு. அதில் முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறது. தரை துடைப்பது, கண்ணாடி துடைப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் முறை வைத்து ஆளுக்கு ஆள் மாறும். ஏணியக்காவுக்கு மட்டும் மாறாத வேலை ஒன்று உண்டு. பெரிய கூடத்தின் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்குகிறதே திமிங்கலத்தின் எலும்புக்கூடு, அதைத் துடைப்பது அவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நான்கு பெண்களை நிறுத்தி யார் ஏறுகிறீர்கள் என்று கேட்டார்கள். மூன்று பேர் தலைசுற்றும் என்றார்கள். இவர் ஏணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடலைன்னா நானும் ஆட மாட்டேன்" என்றார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

திமிங்கலம் இருபத்தொரு மீட்டர். முதுகெலும்பில் மட்டும் அறுபத்திரண்டு எலும்புகள். திங்கள்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. அன்றைக்குச் சக்கரம் வைத்த உயரமான ஏணியைத் தள்ளிக்கொண்டு போய், முடிதிருத்துகிறவர் பிடரியைத் தட்டுவாரே, அந்த மாதிரி மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு எலும்பாகத் தட்டுவார். தலையிலிருந்து வால்வரை முடிக்க நான்கு திங்கள்கிழமை ஆகும். முடித்த மறுவாரம் மறுபடி தலை. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தொரு வருடத்தில் ஏறக்குறைய நானூறு முறை அந்த விலங்கை முழுவதுமாகத் தொட்டிருக்கிறார். உலகத்தில் வேறு எந்த விலங்கியல் அறிஞரும் ஒரே திமிங்கலத்தை நானூறு முறை தொட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அறிஞர்களின் பட்டியலை எழுதுகிறவர்கள் ஏணியில் ஏறுகிறவர்களைச் சேர்ப்பதில்லை.

அவருடைய வேலைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதுகெலும்பு ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் ஒரு துளை இருக்கும். உயிரோடு இருந்தபோது தலையிலிருந்து வால் நோக்கி நரம்புத்தண்டு அதன் வழியாகத்தான் போனது. தூசி அடைவதற்கு அந்தத் துளையைவிட வசதியான இடம் கிடையாது. பிரஷ் உள்ளே போகாது. ஏணியக்கா ஈரத்துணியைக் கையில் சுற்றி உள்ளே விட்டுத் துடைப்பார். கழுத்துப் பக்கத்து எலும்புகளில் முழங்கையே போகும். நடு முதுகில் மூடிய கை. பிறகு நான்கு விரல், இரண்டு விரல். வாலின் நடுவில், நாற்பத்து மூன்றாவது எலும்புவரை ஆள்காட்டி விரல் போகும். நாற்பத்து நான்கிலிருந்து சுண்டுவிரல்தான். நாற்பத்தொன்பதிலிருந்து சுண்டுவிரலும் நுழையாது. துணி சுற்றிய குச்சி. கடைசிப் பத்துப் பதினோரு எலும்புகளில் துளையே இல்லை. அவை வெறும் உருண்டைகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பொத்தான்கள்.

இன்னும் சிலவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார். முதல் எலும்பு தொட்டில். நாற்பத்து மூன்றாவது மூளி. முதுகெலும்புகளுக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மூளிக்கு ஜன்னல் பக்க இறக்கை பாதியில் உடைந்திருந்தது. அதைத் துடைக்கும்போது மட்டும் துணி அந்த உடைந்த விளிம்பில் மாட்டும். ஒவ்வொரு முறையும் திட்டுவார். "உனக்கு மட்டும் தனி மரியாதை வேணுமா?"

எட்டு வருடத்துக்கு முன்னால் பெரிய கூடத்தின் கூரை ஒழுகியது. திமிங்கலத்தை இறக்கிப் பின்கட்டில் வைத்துவிட்டுத்தான் கூரையைப் பிரிக்க முடியும் என்றார்கள். அருங்காட்சியகத்துத் தச்சர் ஒவ்வோர் எலும்பையும் இறக்கி, அதன் மேல் சாக்பீஸால் எண் போட்டு வரிசையாக அடுக்கினார். எட்டு மாதம் கூரை வேலை நடந்தது. பிறகு, திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிற தேதி முடிவானது. இயக்குநர் பின்கட்டுக்கு வந்து பார்த்தார். எலும்புகள் பழுப்பாக இருந்தன.

"என்ன இது, அடுப்படியில கிடந்த மாதிரி இருக்கு? எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவி வெள்ளையாக்குங்க."

ஏணியக்கா சொன்னார், "சார், கழுவினா நம்பர் போயிடும்."

"எல்லாம் எழுதி வச்சிருக்கும்மா. நீ கழுவு."

எழுதி வைத்திருந்தது உண்மைதான். என்ன எழுதி வைத்திருந்தார்கள்? முதுகெலும்பு அறுபத்திரண்டு, விலா முப்பது என்று எத்தனை என்பதை எழுதி வைத்திருந்தார்கள். எது எங்கே என்று ஒரு வரி கிடையாது. ஏணியக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் மூன்று நாள் கழுவினார்கள். சாக்பீஸ் எண்கள் சாக்கடையில் போயின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு. எண் போனதும் அதிகாரிகள் கொஞ்சமும் கலங்கவில்லை. திமிங்கலத்தின் வால் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுநாடாவை எடுத்து, ஒவ்வோர் எலும்பையும் இறக்கையிலிருந்து இறக்கைவரை அளந்து, பெரியதை முன்னாலும் சிறியதைப் பின்னாலும் வைத்து வரிசைப்படுத்தினார்கள். நல்ல முறைதான். முழுசாக இருக்கிற எலும்புகளெல்லாம் சரியாகத் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. மூளிக்கு ஒரு பக்கம் பாதி இறக்கை இல்லை என்பதை மட்டும் நாடா பிடித்தவர் யோசிக்கவில்லை. அளவு குறைவாக வந்தது. நாற்பத்து மூன்றாவதாக இருக்க வேண்டியதை நாற்பத்தாறாவதாக மாட்டினார்கள். பின்னாலிருந்த மூன்றும் ஆளுக்கொரு படி முன்னால் நகர்ந்தன. மாட்டிய மூன்று நாளும் துப்புரவு ஆட்கள் கூடத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. தரையில் கால்தடம் விழுமாம்.

அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார், நிமிர்ந்து பார்த்து "பெரிசா இருக்கே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து நான்காவது திங்கள்கிழமை ஏணியக்கா வாலுக்கு வந்தார். நாற்பத்து மூன்றில் ஆள்காட்டி விரலை விட்டார். போகவில்லை. சுண்டுவிரல்தான் போனது. நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து, அதேதான். நாற்பத்தாறில் ஆள்காட்டி விரல் தாராளமாகப் போனது. கூடவே துணியும் உடைந்த விளிம்பில் மாட்டியது. ஏணியில் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். இறங்கிப் போய் மேற்பார்வையாளரிடம் சொன்னார்.

"சார், வால்ல ஒரு எலும்பு இடம் மாறியிருக்கு."

மேற்பார்வையாளர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். "ஏன்க்கா, திமிங்கலம் வந்து உங்ககிட்ட புகார் கொடுத்துச்சா?"

"விளையாடாதீங்க. துளை சின்னதாகிட்டே வந்து திடீர்னு ஒரு இடத்துல பெரிசாகுது. அப்படி இருக்காது."

"பெரியவங்க அளந்து மாட்டினது. நீங்க பிரஷ்ஷை அளந்து பிடிங்க, போதும்."

ஆறு வருடத்தில் நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் சிரிப்பு கிடைத்தது. இவர் சொன்னது சரியா தவறா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு என்ன தெரியுமா? ஏணியில் பதினாறு படி ஏறுவது. ஒரு விரலை நீட்டுவது. அவ்வளவுதான். அந்தப் பதினாறு படியை ஏறுவதற்கு அறிவியல் நிறுவனம் ஒன்றில் ஆள் இல்லை. அறிவியல் என்பது சரிபார்க்கிற பழக்கம். கதவில் பெயர்ப்பலகையும் அறையில் நாற்காலியும் வந்தவுடன் அந்தப் பழக்கம் பலருக்கு விட்டுப்போகிறது.

போன வருடம் வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். திமிங்கலங்களின் நரம்புத்துளைகளை அளப்பதுதான் அவர் ஆராய்ச்சி. விடுமுறை நாளில் ஏணியக்காவின் ஏணியிலேயே ஏறி அளந்துகொண்டிருந்தார். வாலுக்கு வந்ததும் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"அக்கா, இங்க ஏதோ இடிக்குதே..."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஏணியக்கா நிமிரக்கூட இல்லை. "நாப்பத்தாறுதானே? ஆறு வருஷமா இடிக்குது."

ஆய்வாளர் இறங்கி வந்து, அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்து, சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவுக்கு முறையாக ஒரு கடிதம் எழுதினார். ஓர் எலும்பு தவறான இடத்தில் இருக்கிறது, இதை முதலில் கவனித்தவர் உங்கள் துப்புரவுப் பணியாளர், அவருக்கு என் நன்றி என்று முடித்திருந்தார். நல்ல மனதோடு எழுதிய வரி. அந்த வரிதான் வினையானது. நிர்வாகக் குழு இயக்குநரிடம் விளக்கம் கேட்டது. இயக்குநருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கடிதத்திலேயே ஒரு பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏணியக்காவை அறைக்குக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளரும் இருந்தார். இயக்குநர் தாளை நீட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சின்ன கையெழுத்து. உனக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. கிளை அருங்காட்சியகத்துக்கு மாத்தல், அவ்வளவுதான். அங்க ஏணி வேலையும் இல்ல."

ஏணியக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நின்றபடியே, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படித்தார்.

"'எலும்புகளின் மீது எழுதப்பட்டிருந்த எண்களை எவருடைய அனுமதியுமின்றி நான் என் கவனக்குறைவால் கழுவி அழித்துவிட்டேன். பின்னர் துப்புரவுப் பணியின்போது எலும்புகளின் வரிசை கலைந்ததற்கும் நானே காரணம்.'" கண்ணாடியைக் கழற்றினார். "சார், இதுல ஒரு தப்பு இருக்கு."

"எழுத்துப்பிழையா? திருத்திடலாம்."

"'நான்'னு இருக்கு."

மேற்பார்வையாளர் இருமினார்.

"கழுவினது நான்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்தக் கையாலதான் கழுவினேன். கழுவச் சொன்னது யாரு, நம்பர் போயிடும்னு சொன்னது யாரு, அளந்து மாட்டினது யாரு, அதெல்லாம் எங்க? 'நாங்க'ன்னு மாத்தி அடிங்க. முதல்ல நீங்க போடுங்க. கீழ நான் போடறேன்."

"இங்க பாரும்மா, விசாரணைன்னு போனா வேலையே போகும். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு உனக்கு. யோசி."

"யோசிச்சுட்டேன் சார்" என்று பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, மூடி, மேசையில் வைத்தார். "மை காஞ்சிடும்."

அவர் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறையில் எந்நேரமும் யாருடையதோ ஒரு ஃபிரிட்ஜ் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் அதன் பின்னால் உட்கார்ந்து குழாய்க்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"ஒரு கையெழுத்துதான். ஆனா அது என்னோடது."

"நாளைக்கு வேலை போச்சுன்னா?"

"போனா போகட்டும். முப்பத்தொரு வருஷம் ஒரு எலும்பைக் கீழ போட்டதில்ல நான். ஒரு விலா எலும்புல கீறல் விழுந்ததில்ல. கடைசியில ஏணியக்கா குழப்பிட்டுப் போயிட்டான்னு எழுதி வைப்பாங்க. நம்ம பொண்ணு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அங்க போனா அதையா படிக்கணும்?"

"சரி, உனக்கு யாரு சாட்சி? கூட கழுவின ரெண்டு பேரும் எப்பவோ வேலையை விட்டுட்டாங்க. தச்சர் வாயத் திறக்க மாட்டார், அவர் பையன் அங்கதான் வேலைக்கு மனுப் போட்டிருக்கான். திமிங்கலமா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

ஏணியக்கா சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனவர் நின்றார்.

"சொல்லும்" என்றார்.

"என்னது?"

"அதுதாங்க சொல்லும். அதைக் கேக்குற இடத்துல கேக்கணும்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "என்கிட்ட வர்ற ஆளுங்களும் இப்படித்தான். இவங்களே கம்பியை மாத்தி சொருகிட்டு, கடைசியா தொட்டது மெக்கானிக்தான்னுவாங்க. நீ போடாத."

மறுநாள் ஏணியக்கா தாமாகவே ஒரு மனு எழுதிக் கொடுத்தார். இரண்டே வரி. விசாரணை வையுங்கள், அதை அறையில் வைக்காமல் திமிங்கலத்துக்குக் கீழே வையுங்கள். நகலை அந்த ஆய்வாளருக்கு அனுப்பினார். ஆய்வாளர் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார். வெளியே இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு மறுக்க முடியவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர், வேறோர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஒருவர், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை ஒருவர். கூடத்தில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்று அவர்களுக்கு, ஒன்று இயக்குநருக்கு. ஏணியக்காவுக்கும் சாட்சியாக அழைக்கப்பட்ட தச்சருக்கும் இல்லை. ஏணியக்கா அதைப் பார்த்தார். பிறகு தம்முடைய ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் மூன்றாவது படியில் உட்கார்ந்தார். எல்லோரும் அவரை நிமிர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அதிகாரி முதலில் தச்சரைக் கேட்டார். "எண்களைக் கழுவச் சொன்னது யார்?"

தச்சர் தரையைப் பார்த்தார். "ஏழு வருஷமாச்சு சார். ஞாபகம் இல்ல."

இயக்குநர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஏணியக்கா தச்சரைத் திட்டவில்லை. அவர் மகனின் மனு எந்த மேசையில் இருக்கிறது என்பது இவருக்கும் தெரியும். குழுவைப் பார்த்துச் சொன்னார்:

"நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம். இவர் சொல்றதையும் நம்ப வேண்டாம். யாராவது ஒருத்தர் மேல ஏறி வாங்க. விரலை விட்டுப் பாருங்க. அது போதும்."

அதிகாரி தம் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். காப்பாளர் ஏணியின் உயரத்தைப் பார்த்தார். பேராசிரியை கைப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு முட்டி வலி இருக்கு. மெதுவா ஏறலாமா?"

"ஏணி எங்கயும் போகாது. வாங்கம்மா. நான் பின்னால பிடிச்சுக்கிறேன்."

பேராசிரியை பதினாறு படி ஏறினார். நாற்பதாவது எலும்பிலிருந்து ஆரம்பித்தார். ஏணியக்கா கீழ்ப்படியில் நின்று பிடித்துக்கொண்டார். கூடத்தில் பேராசிரியையின் குரல் மட்டும் கேட்டது. "ஆள்காட்டி விரல் போகுது... போகுது... போகுது. இது நாற்பத்து மூணா? போகல. சுண்டுவிரல். சுண்டுவிரல்... சுண்டுவிரல்..." நின்றார். "அட."

"என்ன?" என்றார் அதிகாரி.

"இங்க மறுபடி ஆள்காட்டி விரல் போகுது. நரம்பு வாலுக்குப் போகப்போக மெலியும், தடிக்காது. இந்த எலும்பு முன்னால இருந்திருக்கணும்."

இயக்குநர் எழுந்தார். "அதைத்தான் நானும் சொல்றேன். துடைக்கிறப்ப கழட்டி மாத்தி வச்சிட்டாங்க."

அதற்கு ஏணியக்கா சிரித்தார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு முதலில் சிரித்தவர் அவர்தான்.

"சார், ஒரு எலும்பு என் எடையில பாதி இருக்கும். நடுவுல இரும்புத் தண்டு போகுது. வால் முழுக்கக் கழட்டினாத்தான் ஒண்ணை எடுக்க முடியும். நான் ஒத்த ஆளா, பிரஷ்ஷை வாயில கடிச்சுக்கிட்டு அதைச் செஞ்சேனா? சரி, செஞ்சேன்னே வைங்க. அம்மா, அங்கயிருந்தே இன்னொண்ணு பாருங்க. ரெண்டு ரெண்டு எலும்புக்கு நடுவுல மரவட்டு இருக்கே, எல்லாம் என்ன நிறம்?"

"கறுப்பு. பழைய மரம்."

"எல்லாமா?"

பேராசிரியை குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். "இல்ல. மூணு மட்டும் வெளுப்பா இருக்கு. நாற்பத்து மூணுக்கு முன்னால ஒண்ணு. நாற்பத்தாறுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு."

"அது புது மரம். எலும்பு இடம் மாறினதால பழைய வட்டு பொருந்தல. யாரோ புதுசா செதுக்கிப் போட்டிருக்காங்க. எனக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியும். உளி பிடிக்கத் தெரியாது." அவர் தச்சரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. குழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் தச்சருக்கு எளிதாகப் போயிருக்கும். கோபித்துக்கொண்டு மௌனமாக இருந்திருக்கலாம்.

தச்சர் தொண்டையைச் செருமினார். ஐம்பது வருடமாக மரத்தில் கை வைத்தவர். தம் கைவேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதை நின்று பார்க்க அவரால் முடியவில்லை.

"வட்டு நான் செதுக்கினது சார்" என்றார். "மாட்டுறப்ப மூணு எடத்துல ஒக்காரல. இதுல ஏதோ தப்பு இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன். நாளன்னிக்கு அமைச்சர் வர்றார், செதுக்கி ஒக்கார வைய்யான்னார் இவர். செதுக்கினேன். கழுவச் சொன்னதும் இவர்தான். நம்பர் போயிடும்னு தங்கச்சி சொன்னதை நான் என் காதால கேட்டேன்." பிறகு ஏணியின் பக்கம் திரும்பி, "எனக்கு ஞாபகம் இருந்துச்சும்மா" என்றார்.

"தெரியும்ணே" என்றார் ஏணியக்கா.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். நியாயம் வென்றது என்று எழுதிவிட்டு நானும் தூங்கப் போயிருப்பேன். குழுவின் அறிக்கை வந்தது. துப்புரவுப் பணியாளர் மீது எந்தத் தவறும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். வேலை போகவில்லை, மாற்றல் இல்லை. ஆனால் தவறு யாருடையது? 'நிர்வாக நடைமுறையில் ஏற்பட்ட குறைபாடு' என்று எழுதியிருந்தார்கள். குறைபாடு தானாகவே நடந்து வந்து எலும்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறது! பெயரில்லாத அந்தக் குறைபாடு இரண்டு மாதத்தில் பதவி உயர்வு பெற்றுத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. தச்சரின் மகன் மனு திருப்பி அனுப்பப்பட்டது. எலும்பை எப்போது மாற்றுவீர்கள் என்று ஏணியக்கா கேட்டதற்கு 'அடுத்த பராமரிப்பின்போது கவனிக்கப்படும்' என்று பதில் வந்தது. அடுத்த பராமரிப்பு எப்போது என்பதற்குப் பதில் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் தம் பெயர் தப்பித்ததே போதும் என்று இருந்திருப்பார்கள். மேற்பார்வையாளர் அதைத்தான் சொன்னார்.

"அதான் உங்க மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்களேக்கா. இன்னும் என்ன?"

"என் மேல தப்பில்லன்னா, தப்பு இன்னும் மேலதானே தொங்குது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்து அதைப் பார்த்து வரைஞ்சுக்கிட்டுப் போகுதுங்க. என்னைக் காப்பாத்தறதுக்கா நான் ஏணியைத் தள்ளிக்கிட்டு வந்தேன்?"

அருங்காட்சியகத்தின் வெளிவாசலுக்குப் பக்கத்தில், ஒரு சாய்வு மேசையில், பார்வையாளர் கருத்துப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. 'மிக அருமை', 'கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பலகை வைக்கவும்' என்றெல்லாம் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த மேசையையும் முப்பத்தொரு வருடமாகத் துடைக்கிறார் ஏணியக்கா. முதல் பக்கத்தில் விதிகள் அச்சிட்டிருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. இவர் படித்தார். ஒரே பொருளைப் பற்றி நூறு பார்வையாளர்கள் எழுதினால் நிர்வாகக் குழு அதைக் கூட்டத்தில் எடுத்து முடிவு சொல்லியாக வேண்டும் என்று ஏழாவது விதி சொல்கிறது. ஊழியர்கள் எழுதக் கூடாது என்று எட்டாவது விதி.

அடுத்த சனிக்கிழமை ஏணியக்கா விடுப்பு எடுத்தார். இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு, வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினார். முப்பத்தொரு வருடத்தில் முன்வாசல் வழியாக அவர் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற மேற்பார்வையாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னக்கா, பின்வாசல் பூட்டியிருக்கா?"

டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "நான் இன்னிக்குப் பார்வையாளர். 'வாங்க, வணக்கம்'னு சொல்லணும். பலகையில எழுதியிருக்கு, நான்தான் அதைத் துடைக்கிறேன்."

"வாங்க... வணக்கம்" என்றார் மேற்பார்வையாளர்.

கணவர் திமிங்கலத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதையா நீ தனியா துடைக்கிற?" என்றார். பிறகு, "நான் ஒரு ஃபிரிட்ஜைத் துடைக்கிறதுக்கு முனகுறேன்" என்றார். கடைசிக் கூடம்வரை ஒன்றுவிடாமல் பார்த்தார்கள்; கல்லாகிப்போன மீன்களுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆறினார்கள். வெளியே வரும்போது ஏணியக்கா புத்தகத்தைத் திறந்து எழுதினார்: 'திமிங்கலத்தின் வாலில் நாற்பத்தாறாவது இடத்தில் இருக்கும் எலும்பு நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். மாற்றவும்.' கீழே முழுப்பெயர், வீட்டு முகவரி. ஊழியர் எழுதக் கூடாதே என்று மேற்பார்வையாளர் இழுத்தார். கணவர் பேனாவை வாங்கி அதே வரியை எழுதித் தம் பெயரைப் போட்டார். "நான் ஊழியர் இல்லையே. என் கணக்கு ஒண்ணு."

அது ஒன்றில் ஆரம்பித்தது. ஆய்வாளர் வந்து எழுதினார். பேராசிரியை முட்டி வலியோடு வந்து எழுதினார். தச்சர் ஓய்வுபெற்ற மறுநாளே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து எழுதினார். மகனையும் எழுத வைத்தார். ஒருமுறை யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள். எழுதிய அத்தனை பேரும் திரும்ப வந்து எழுதினார்கள். நான் போய்ப் பார்த்து எழுதியபோது அறுபத்தேழு. ஏணியக்காவின் பணிக்காலத்தில் இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. மூளியை அதன் இடத்தில் வைத்து ஒருமுறையாவது துடைத்துவிட்டுத்தான் போவேன் என்கிறார்.

வாரத்தில் ஆறு நாள் திறந்திருக்கிறது. பெரிய கூடத்துக்குப் போங்கள். வாலின் நுனியிலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள், பதினேழாவது. ஜன்னல் பக்க இறக்கை பாதிதான் இருக்கும், இரண்டு பக்கமும் மரவட்டு வெளுத்திருக்கும். என் பேச்சை நம்பி எழுதாதீர்கள், உங்கள் கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டு வெளிவாசல் மேசைக்கு வாருங்கள், அந்த வரியை எழுதுங்கள், உங்கள் பெயரை முழுசாகப் போடுங்கள். இன்னும் முப்பத்து மூன்று பேர் வேண்டும்.